பெரும்பாடு: எவ்வளவு, எத்தனை நாள், ஏன்?

மாதவிலக்கில் அளவுக்கு மீறி ரத்தம் போவதற்குத் தமிழ் வைத்தியத்தில் பெரும்பாடு என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகளாக ரத்தப்போக்கால் அவதிப்பட்டு, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்தும் குணமாகாத ஒரு பெண்ணின் கதை பைபிளில் வருகிறது. அதைத் தமிழில் பெயர்த்தவர்களும் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய மருத்துவம் இதையே கொஞ்சம் விரித்து, ‘இயல்பு மீறிய கருப்பை ரத்தப்போக்கு’ என்கிறது. அதிகமாகப் போவது மட்டுமன்றி, நாள் தப்பி வருவது, இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் வருவது, வந்தால் நிற்காமல் இழுத்துக்கொண்டே போவது என எல்லாம் இதில் அடங்கும். கர்ப்பத்தின்போது வரும் ரத்தப்போக்கு இதில் சேராது. அது தனி விஷயம்.

இயல்பு எதுவென்று தெரிந்தால்தான் மீறல் எதுவென்று தெரியும். மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிகோ இதற்குத் தெளிவான அளவுகளை வகுத்திருக்கிறது. ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாட்கள் இருக்கலாம். ரத்தப்போக்கு 8 நாட்களைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்துக்கும் இன்னொரு மாதத்துக்கும் ஏழெட்டு நாள் முன்பின்னாக வந்தால் தவறில்லை. ஆக, 28 நாளுக்கு ஒருமுறை கடிகாரம்போல் வந்தால்தான் சரி என்பது வெறும் நம்பிக்கை. 26 நாளில் ஒருமுறையும் 32 நாளில் ஒருமுறையும் வருகிற பெண்ணுக்கு எந்தக் கோளாறும் இல்லை.

எவ்வளவு போனால் அதிகம் என்பதுதான் சிக்கலான கேள்வி. 1960களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆய்வாளர்கள் பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களைச் சேகரித்து, அவற்றில் ஊறியிருந்த ரத்தத்தை ரசாயன முறையில் பிரித்து அளந்தார்கள். ஒரு மாதவிலக்கில் பெரும்பாலோர் இழப்பது 30, 40 மில்லிலிட்டர்தான் என்று தெரிந்தது. 80 மில்லிலிட்டரைத் தாண்டியவர்களிடம் ரத்தசோகை கூடுதலாக இருந்தது. அந்த 80 இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. ஆனால் எந்த மருத்துவமனையிலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு பெண்ணின் உடல்நலத்தையும் வேலையையும் அன்றாடத்தையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் அது அதிகம்தான் என்பதே இன்றைய விளக்கம். பெண் சொல்வதை அளவுகோலாக எடுத்துக்கொண்ட இந்த மாற்றம் வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைவது, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது, தூக்கத்தில் எழுந்து மாற்றுவது, பாய், மெத்தையெல்லாம் கறைபடுவது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது ஆகியவை அவை. கட்டி கட்டியாகப் போகிறது என்று பெண்கள் சொல்வதில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. கருப்பைக்குள் கசியும் ரத்தம் உறைந்தாலும், அந்த உறைவைக் கரைக்கும் நொதிகள் அங்கேயே சுரக்கின்றன. அதனால்தான் மாதவிலக்கு ரத்தம் பொதுவாக நீர்த்தே வருகிறது. அந்த நொதிகளுக்கு அவகாசம் கொடுக்காத வேகத்தில் ரத்தம் பெருகும்போது கரையாத உறைவு கட்டியாக வெளியே வருகிறது.

மாதாமாதம் இந்த ரத்தம் ஏன் வருகிறது, தானாக எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் கோளாறுகளைப் புரிந்துகொள்வது எளிது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கிறது. சினைமுட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டு, சவ்வை உறுதியாக்கிக் கருவைத் தாங்கத் தயார் செய்கிறது. கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் ஒருசேர இறங்குகின்றன. சவ்வு உரிந்து விழுகிறது. பிறகு சவ்வின் நுண்ணிய தமனிகள் இறுகுகின்றன, ரத்தம் உறைந்து வாயடைக்கிறது, அடியிலிருந்து புதுச் சவ்வு முளைத்துப் புண்ணை மூடுகிறது. ஹார்மோன் ஒழுங்கு, கருப்பையின் கட்டமைப்பு, ரத்தம் உறையும் திறன் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் போக்கு பிசகும்.

இந்தக் காரணங்களை ஃபிகோ 2011இல் ஒரே வரிசையில் அடுக்கி, ‘பாம்-கோயின்’ என்று பெயரிட்டது. ஒன்பது காரணங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது. ‘பாம்’ என்ற முதல் நான்கும் ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை. ‘கோயின்’ என்ற மற்ற ஐந்தும் பெரும்பாலும் அப்படிப் படத்தில் சிக்காதவை. அதற்குமுன் வாயில் நுழையாத லத்தீன், கிரேக்கப் பெயர்கள் பல இருந்தன. ஒரே சொல்லை ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் ஒவ்வொரு பொருளில் எழுதினார்கள். காரணம் பிடிபடாத எல்லாவற்றையும் போட்டுவைக்க ஒரு பொதுப் பெயரும் இருந்தது. புது வரிசை அதை ஒழித்தது. இந்தப் பெண்ணுக்கு இந்தக் காரணம் என்று பெயர் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தை அது மருத்துவருக்கு ஏற்படுத்தியது.

தெரியும் காரணங்களில் முதலாவது பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி. உள்சவ்விலிருந்து சிறு காம்பில் தொங்கும் இது பெரும்பாலும் தீங்கற்றது. இரண்டாவது அடினோமயோசிஸ். உள்சவ்வின் திசு கருப்பையின் தசைக்குள்ளேயே புகுந்துகொள்வதால் கருப்பை வீங்கிக் கனக்கும்; வலியும் போக்கும் சேர்ந்தே வரும். மூன்றாவது, தமிழ்நாட்டில் ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று வழங்கும் ஃபைப்ராய்டு. பெண்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். அந்தப் பயத்துக்கு அவ்வளவு காரணமும் இல்லை. 50 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தசைக்கட்டி ஏதோ ஓர் அளவில் வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. மாதவிலக்கு நின்றபின் தானாகவே சுருங்கும்.

ஃபைப்ராய்டில் பார்க்க வேண்டியது அளவைவிட இடத்தை. கருப்பையின் வெளிப்புறத்தில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த கட்டி ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட அதிகமாக்காமல் கிடக்கலாம். உள்சவ்வுக்கு அடியில் முந்திரிப்பருப்பு அளவில் துருத்தும் கட்டியோ ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளிவிடும். ஸ்கேன் அறிக்கையில் ‘கட்டி இருக்கிறது’ என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு அறுவைக்கு நாள் குறிப்பது சரியல்ல. எங்கே இருக்கிறது, ரத்தப்போக்குக்கு அதுதான் காரணமா என்று கேட்டாக வேண்டும்.

நான்காவது, புற்றுநோயும் அதற்கு முந்தைய நிலையான உள்சவ்வுத் தடிப்பும். புரோஜெஸ்டிரோனின் கடிவாளம் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஆண்டுக்கணக்கில் சவ்வை வளர்த்தால் இந்த நிலை வரும். கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிப்பதால் உடல் பருமன் உள்ளவர்களுக்கும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை நெடுநாள் இருந்தவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், மார்பகப் புற்றுக்காகத் தமொக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிந்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு. அது கருப்பை வாய்ப் புற்றின் அறிகுறியாக இருக்கலாம். கருப்பை வாயைக் கண்ணால் பார்க்காமல், ஸ்கேனை மட்டும் நம்பினால் அது தப்பிவிடும்.

தெரியாத காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது ரத்தம் உறைவதில் உள்ள குறைபாடு. 1920களில் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்பிராண்ட், ஓலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியைச் சோதித்தார். சின்னக் கீறலுக்கும் ரத்தம் நிற்காத குடும்பம் அவளுடையது; உடன்பிறந்தவர்களில் சிலர் குழந்தையிலேயே ரத்தம் போய் இறந்திருந்தார்கள். அவர் 1926இல் அந்த நோயை விவரித்து எழுதினார்; அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அந்தச் சிறுமி பெரியவளானாள். நான்காவது மாதவிலக்கில் ரத்தப்போக்கு நிற்காமலே இறந்துபோனாள். இன்றைக்கு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் நோய் இது, மருந்தும் இருக்கிறது. வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே அதிகமாகப் போகிறது, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்கவில்லை, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறது, தொட்டாலே கன்றிப்போகிறது, அம்மாவுக்கும் இப்படித்தான் என்று ஒரு பெண் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். ‘நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு எல்லாம் இப்படித்தான்’ என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு பரம்பரை நோய் ஒளிந்திருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படுவது சினைமுட்டை மாதந்தோறும் வெளியாகாத கோளாறு. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை; அது இல்லாவிட்டால் சவ்வு உறுதியில்லாமல் வளர்ந்துகொண்டே போய், பூச்சு உதிரும் சுவர்போல அங்கங்கே பிய்ந்து விழும். இரண்டு மாதம் வராமல் இருந்து, வந்தபின் இருபது நாள் நிற்காத கதை இதுதான். வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும், மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இது இயற்கையாகவே நேரும். இடைப்பட்ட வயதில் வந்தால் சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டுக் குறைவு, புரோலாக்டின் மிகுதி ஆகியவற்றைத் தேட வேண்டும்.

மிச்சமுள்ளவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உள்சவ்வில் ரத்தம் நிற்கும் ஏற்பாடே பழுதாவது ஒன்று. காப்பர் டி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள், நாள் தவறி விழுங்கிய கருத்தடை மாத்திரைகள் என மருத்துவத்தால் வருவது இன்னொன்று. சிசேரியன் தழும்பில் விழுந்த பள்ளத்தில் ரத்தம் தேங்கிச் சொட்டுச் சொட்டாக வருவதுபோன்ற வகைப்படாதவை கடைசி.

காரணத்தைக் கண்டுபிடிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. குழந்தை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணமாகவில்லை, குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது என்றெல்லாம் சொல்லி இதைத் தாண்டக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் மாதவிலக்குக் கோளாறுபோல வேஷம் போட்டு வந்து உயிரையே குடிக்கும். அடுத்தது ரத்த அணுக்களின் கணக்கும் ஹீமோகுளோபினும். முடிந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். அறிகுறியைப் பொறுத்து தைராய்டு. பிறகு உடல் பரிசோதனையும் ஸ்கேனும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைவிட, மணமான பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியே செய்யும் ஸ்கேன் உள்சவ்வைத் துல்லியமாகக் காட்டும்.

45 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சவ்வுத் திசுவை எடுத்துச் சோதிப்பது அவசியம் என்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. பருமன் போன்ற ஆபத்துக் காரணிகள் இருந்தாலும், மருந்துக்குக் கட்டுப்படாமல் போனாலும் அதற்கு முன்பே செய்ய வேண்டும். பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் பலர் வெலவெலத்துப்போகிறார்கள். உண்மையில் அது குளிர்பான உறிஞ்சுகுழலைவிட மெலிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைக் கருப்பைக்குள் நுழைத்து, உள்ளிருக்கும் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் கொஞ்சம் திசு உறிஞ்சிக்கொண்டு வரும். மயக்க மருந்து வேண்டியதில்லை. மாதவிலக்கு வலிபோல ஒரு சுளீர், சில நிமிடங்களில் முடிந்துவிடும். முன்பு எடுத்ததற்கெல்லாம் மயக்கம் கொடுத்து ‘டி அண்ட் சி’ செய்து சுரண்டினார்கள். அது ரத்தப்போக்குக்கு நிரந்தர வைத்தியம் அல்ல என்பது தெளிவாகிவிட்டது. சுரண்டிய சவ்வு மறுபடி அதேபோல வளர்கிறது. பாலிப், உட்கட்டி என்று சந்தேகம் இருந்தால், மெல்லிய கேமராவை உள்ளே செலுத்தி நேரில் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பியே மேல். பார்த்த கையோடு அகற்றிவிடவும் முடியும்.

சிகிச்சை இரும்பிலிருந்து தொடங்குகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம் போயிற்று. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகிவிடும். வரவைவிடச் செலவு கூடிய குடும்பம்போல மாதாமாதம் கடன் ஏறுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, பச்சரிசியையும் சாக்பீஸையும் தின்னத் தோன்றுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று சொல்லும் வீடுகளும் மருத்துவர்களும், மாதம் எத்தனை நாப்கின் மாற்றுகிறாய் என்று கேட்பது குறைவு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். டீ, காபியோடு சேர்க்காமல், எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்போடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அது இரும்பின் நிறம்.

போக்கைக் குறைக்கும் மருந்துகளில் ஹார்மோன் கலக்காதது டிரானெக்ஸாமிக் அமிலம். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் நொதியின் வேலையை இது தடுக்கிறது. பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்ட மருந்து இது. ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. கால் சிரையிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. வலிக்காகக் கொடுக்கும் மெஃபெனாமிக் அமிலமும் போக்கை ஓரளவு குறைக்கும்.

ஹார்மோன் மருந்துகளில், இல்லாத புரோஜெஸ்டிரோனை வெளியிலிருந்து கொடுக்கும் மாத்திரைகளே அதிகம் எழுதப்படுகின்றன. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மாத்திரையில் ரத்தம் நின்றுவிடும். மாத்திரையை முடித்த சில நாளில் மறுபடி வரும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்துப் பெண்கள் வேறு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். உண்மையில் அது எதிர்பார்த்த மாதவிலக்குதான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. கருத்தடைக்கான கலவை மாத்திரையும் போக்கை நன்றாகவே ஒழுங்குபடுத்தும். உயர் ரத்த அழுத்தம், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி வரலாறு போன்றவை உள்ளவர்களுக்குக் கூடாது. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஓர்மெலாக்ஸிஃபென், ‘சஹேலி’ என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாக வந்தது. அதை ரத்தப்போக்குக்கும் இந்திய மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட வலுவானது, லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைத் துளித்துளியாகக் கருப்பைக்குள்ளேயே விடும் வளையம். காப்பர் டி போன்ற தோற்றம், வேலை நேர்மாறு. காப்பர் டி போக்கைக் கூட்டும், இது ஓராண்டில் பத்தில் ஒன்பது பங்கு குறைத்துவிடும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். புற்றணுக்கூறு இல்லாத உள்சவ்வுத் தடிப்புக்கும் இதுவே முதல் சிகிச்சை. தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை அவ்வப்போது கறைபடும். அதைத் தாங்காமல் பலர் பாதியில் எடுத்துவிடுகிறார்கள். பொறுத்தவர்களில் பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சையிலிருந்தே தப்பிக்கிறார்கள்.

மருந்து கைகொடுக்காதபோது கட்டியை மட்டும் அகற்றலாம். கட்டிக்குப் போகும் தமனியை அடைக்கலாம். இனி குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு உள்சவ்வைச் சூட்டால் அழிக்கலாம். கருப்பையை எடுப்பது இவற்றுக்கெல்லாம் பிறகு வர வேண்டியது. புற்றுநோய்க்கும், எதற்கும் அடங்காத போக்குக்கும் அது நல்ல சிகிச்சை. சிலருக்கு அது விடுதலையேகூட. ஆனால் நம் நாட்டில் அது முதல் படியாகவே பல இடங்களில் நடந்தது. குடும்பநலக் கணக்கெடுப்புகளில், கருப்பையை எடுத்துக்கொண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் நடந்தது தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை இழந்திருந்தது 2019இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் வெளிவந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் என்ற நிலையில், மாதவிலக்கே இல்லாமல் செய்துகொள்ளும்படி அவர்கள் நெருக்கப்பட்டார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற அறுவைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி அது எதற்கு என்ற வாதம் வீட்டிலும் கேட்கிறது, மருத்துவமனையிலும் கேட்கிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் 35 வயதிலேயே மாதவிலக்கு நின்றவளின் உடல் வந்துவிடும். எலும்பு தேயும், இதய நோய் முந்தி வரும். சினைப்பையை எடுக்கப் போகிறீர்களா, ஏன் என்று அறுவைக்கு ஒப்புதல் கையெழுத்திடும் முன் கேட்பது நோயாளியின் உரிமை.

காத்திருக்கவே கூடாத நிலைகள் இரண்டு. மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்துகொண்டே இருந்து, தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அது அவசர நிலை. உடனே 108ஐ அழைக்க வேண்டும். மற்றொன்றில் அளவே முக்கியமில்லை. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பட்டால், அது சேலையில் ஒரு பொட்டளவு கறையாக இருந்தாலும் சரி. அப்படி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் கருப்பை உள்சவ்வுப் புற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் தெரிவது இந்தக் கறைதான். வீட்டில் அம்மாவோ பாட்டியோ தயங்கித் தயங்கி இதைச் சொன்னால், ‘இந்த வயசுல என்ன’ என்று ஒதுக்காமல் அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆரம்பத்தில் பிடிபட்டால் இந்தப் புற்று பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.